இறங்காத விதையும் அதன் திருகலும்

ஆண் குழந்தை பிறந்தால் உற்றார் யாரின் சாயல் என்று முகத்தைப் பார்க்கின்றனர். எத்தனை கிலோ என்று நிறையைக் கேட்கின்றனர். சில நாள் சென்றதும் அரைஞாண் கட்டுகின்றனர். அந்த அரைஞாணுக்குக் கீழே, விதைப்பையில் இரண்டு விதைகளும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கும் தாய்மார் மிகச் சிலரே. பேச்சு வழக்கில் வேறு பெயரால் வழங்கும் அவ்வுறுப்பைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று நேயர்களிற் சிலர் கூசக்கூடும். கூச்சத்தினாலேயே காலங் கடந்து வைத்தியசாலைக்கு வந்து சேரும் நோய் ஒன்றைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம். ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

விதைகள் தாம் இறுதியில் இருக்கவேண்டிய இடத்தில் தோன்றுவதில்லை. கருவிலே அவை சிறுநீரகங்களை அடுத்து, வயிற்றின் பின்சுவரில் உருவாகின்றன. அங்கிருந்து மெல்ல மெல்லக் கீழிறங்கி, ஏறத்தாழ ஏழாம் மாதத்திலே தொடைச்சந்தில் உள்ள ஒரு குறுகிய வழியினூடாக வெளிவந்து, பிறக்குமுன் விதைப்பையை அடைகின்றன. உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைந்த குளிர்ச்சி அவற்றுக்கு வேண்டும். அதற்காகவே இத்தனை நெடும் பயணம். இப்பயணம் சில குழந்தைகளில் நடுவழியில் நின்றுவிடுகிறது. நிறைமாதத்திற் பிறக்கும் ஆண் குழந்தைகள் நூற்றுவரில் ஏறத்தாழ மூவருக்கு ஒரு விதையேனும் இறங்காதிருக்கும். குறைமாதத்திற் பிறந்தவர்களிலோ நூற்றுக்கு 30 பேர் வரை இந்நிலையில் இருப்பர். அவற்றுட் பெரும்பாலானவை முதற் சில மாதங்களில் தாமாகவே இறங்கிவிடும். ஓராண்டு நிறையும்போது நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே குறை எஞ்சும். ஆறு மாதத்துக்குப் பின்னர் தானாக இறங்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் இதனைக் கருத்திற் கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இலங்கையின் தோட்டப் பகுதிகளில் நிறைகுறைந்த குழந்தைகள் பிறப்பது நாட்டின் ஏனைய பகுதிகளிலும் அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டி வந்துள்ளன. நிறை குறைந்தும் மாதம் குறைந்தும் பிறந்த ஆண் குழந்தைகளிலேயே விதை இறங்காமை மிகுதி. எனவே பசறையிலோ மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ சிறிய குழந்தை ஒன்று பிறந்தால், பாலும் நிறையும் பற்றிய கவலையோடு இந்த ஒரு சோதனையும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

விதை இறங்காதிருப்பது அன்றாடம் துன்பம் தரும் குறையன்று. குழந்தை பாலுண்ணும், சிரிக்கும், தவழும். அதனாலேயே அது மறக்கப்படுகிறது. மறந்திருக்கும் ஒரு நாளில் அந்த விதை தன் கொடியிலே திருகிக்கொண்டால் வருவதே அவசர நிலை.

திருகல் என்பது யாது? விதை ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கு இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியும், திரும்பக் கொண்டுசெல்லும் நாளங்களும் அந்தக் கொடிக்குள்ளேயே ஓடுகின்றன. லயத்து வீட்டு உத்திரத்திற் கட்டிய சேலைத் தொட்டிலை எண்ணிக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பிள்ளை ஒருவன் அத்தொட்டிலை இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டால், மேலே சேலை முறுகி இறுகிக் கயிறுபோல் ஆகிவிடுகிறதல்லவா? விதையும் அவ்வாறே சுற்றிக்கொள்கிறது. முதலில் மெல்லிய நாளங்கள் நசுங்குகின்றன; உட்சென்ற இரத்தம் வெளியேற வழியின்றி விதை வீங்குகிறது. வீக்கம் மிகமிக நாடியும் அடைபடுகிறது. அதன்பின் அவ்வுறுப்புக்கு உயிர்க்காற்று இல்லை. பையில் ஒழுங்காக அமர்ந்த விதை பக்கத்துத் திசுக்களோடு பிணைப்புண்டு ஓரளவு நிலைத்திருக்கும். வழியில் நின்ற விதைக்கு அப்பிணைப்புப் பெரும்பாலும் சரிவர அமைவதில்லை. ஆகவே அது எளிதிற் சுழலக்கூடியதாகிறது.

மருத்துவ வரலாற்றில் இந்நோய் புகுந்த விதம் சுவையானது. நமக்குப் பாடமாகவும் அமைவது. விதைத் திருகலைப் பற்றி முதன்முதலில் எழுதியவராகக் குறிப்பிடப்படுபவர் பிரான்சு நாட்டு மருத்துவர் டெலாசியோவ். ஆண்டு 1840. இலங்கையின் மலைகளில் அப்போது தேயிலை வணிகப் பயிராகவில்லை. காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் தமது கட்டுரைக்கு இட்ட தலைப்பின் பொருள், ‘காலந் தாழ்த்தி இறங்கிய இடது விதை, இறுகிய குடலிறக்கமாகக் கருதப்பட்டது’ என்பதாகும். ஆகவே இந்நோயின் முதற் பதிவே இறங்காத விதையைப் பற்றியது; முதற் பதிவிலேயே நோய் வேறொன்றாகக் கருதப்பட்டும் இருக்கிறது. 180 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மயக்கம் முற்றாகத் தீரவில்லை. பையிலுள்ள விதை திருகினால் பை சிவந்து வீங்கும். பார்த்தவருக்கு இடம் தெரிந்துவிடும். இறங்காத விதை திருகும்போது வீக்கம் தொடைச்சந்தில் தோன்றும், அல்லது வெளியே ஒன்றுமே தோன்றாமல் வயிற்றுக்குள்ளே வலிக்கும். வலிக்கின்ற இடத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

எத்தனை வகையாக ஏமாறலாம் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுபவர்கள். காலில் முள் குத்தும், கல் வெட்டும். புண் பழுத்தால் தொடைச்சந்தில் நெறி கட்டும். இது நமது பாட்டிமார் நன்கறிந்த சங்கதி. ஆகவே தொடைச்சந்தில் நோவுள்ள கட்டி ஒன்றைக் கண்டதும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று முடிவு செய்து பற்றுப் போட்டுவிடுகின்றனர். நெறியாயின் அதே காலில், அல்லது அதற்கு அண்மையில், ஒரு புண் இருத்தல் வேண்டும். வலியும் நாட்கணக்கில் மெல்ல வளரும். புண் ஒன்றும் இல்லை, வலி சடுதியில் வந்தது, அந்தப் பக்கத்துப் பை காலியாயிருக்கிறது என்றால் அதனை நெறி என்று கொள்ளலாகாது.

அடுத்தது குடலிறக்கம். சிறு குழந்தைகளுக்கு அழும்போது தொடைச்சந்தில் புடைத்து, ஓய்ந்ததும் உள்ளே போகும் குடலிறக்கம் பலர் கண்டதே. அது சில வேளை வெளியிலேயே சிக்கி இறுகிவிடும். அதுவும் அவசர நிலைதான். இரண்டையும் பிரித்தறிய உதவும் குறிகள் சில உண்டு. குடல் சிக்கினால் வயிறு உப்பும், மலமும் வாயுவும் தடைப்படும், பச்சை நிறத்தில் வாந்தி வரலாம். விதை திருகினாலும் வாந்தி வரும். ஆனால் வயிறு பொதுவாக மென்மையாகவே இருக்கும், மலங்கழிதலும் நிற்பதில்லை. அந்தப் பக்கத்துப் பையில் விதை இருக்குமாயின் குடலிறக்கம் என்ற எண்ணம் வலுப்பெறும். இல்லையாயின் அவ்வெண்ணத்தை ஐயுறவேண்டும். எனினும் இறங்காத விதையும் குடலிறக்கமும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருப்பது உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணரின் கைக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த மயக்கத்தால் பெருங் கேடு இல்லை. இரண்டுக்கும் அவர் தாமதமின்றிக் கத்தி எடுப்பார். கேடு அதற்கு முன்னே விளைகிறது. சிக்கிய குடல் என்று எண்ணி, கட்டியை உள்ளே தள்ள வேண்டி அமுக்குவதும் நீவுவதும், அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்துச் சில மணி நேரம் பார்ப்போம் என்று இருப்பதும் திருகிய விதைக்கு எமனாகும்.

மூன்றாவது மயக்கம் மிக நுட்பமானது. வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட வலது விதை திருகினால், வலி அடிவயிற்றின் வலப்புறத்தில் வரும். காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் எவரும் குடல்வால் அழற்சி என்றே எண்ணுவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் காற்சட்டையைக் கீழிறக்கிப் பையையும் பார்த்திருந்தால் ஐயம் பிறந்திருக்கும். ஆண் பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் பையையும் பார்க்கவேண்டும் என்பது மருத்துவ மாணவருக்கு முதலிற் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. அப்பாடத்தைத் தாய்மாரும் கற்றுக்கொள்ளலாம். அதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

காலக் கணக்கை இப்போது சொல்கிறேன். பையிலுள்ள விதைகளின் திருகலைக் கொண்டு கணித்த பொதுக்கணக்கு இது: வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் திருகலை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விதைகளைக் காப்பாற்றலாம்; 12 மணி நேரத்தில் அது பாதியளவாகக் குறைகிறது; 24 மணி நேரம் கடந்தால் பத்தில் ஒன்று தப்பினாற் பெரிது. இறங்காத விதைகளின் கதியோ இதனினும் இரங்கத்தக்கது. அவை பிறப்பிலேயே நலிந்தவை என்பதனால் மட்டுமன்று, நோய் இன்னதென்று அறிந்து சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் போய்விடுவதனாலேயே பெரும்பாலானவை இழக்கப்படுகின்றன.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஏழு மாதக் குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் கொழுந்து பறித்துத் திரும்பி, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கி வருகிறாள். மாலை ஆறு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழத் தொடங்குகிறது, பால் குடிக்க மறுக்கிறது, குடித்ததைக் கக்குகிறது. பாட்டி ஓமநீர் கொடுக்கிறாள். ஒன்பது மணிக்கு அணையாடை மாற்றும்போது இடது தொடைச்சந்தில் நெல்லிக்காயளவு கட்டி தென்படுகிறது. தொட்டால் குழந்தை துடிக்கிறது. எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கின்றனர். இரவு வெளியே மழை. வாகனம் கூப்பிட்டால் எவ்வளவு கேட்பானோ என்ற அச்சம். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடுமே என்ற கணக்கு. விடியற்காலையில் குழந்தை அழுகை ஓய்ந்து அயர்ந்து தூங்குகிறது. ‘வலி விட்டுவிட்டது’ என்று எல்லாரும் ஆறுதலடைகின்றனர். நேயர்களே, அந்த ஆறுதலே மிகக் கொடிய ஏமாற்றம். திருகிய விதை முற்றாக மடிந்தபின் வலி தணிவது உண்டு. காலை எட்டு மணிக்குத் தோட்ட மருந்தகத்தைத் திறக்கும்போது பதினான்கு மணி நேரம் கழிந்திருக்கும்.

இந்தக் குடும்பத்தை நான் குறைகூறவில்லை. மலைத்தோட்டத்து இரவும், வளைந்து வளைந்து செல்லும் பாதையும், நாட்கூலி வாழ்க்கையும் அறிந்தவர் எவரும் குறைகூறார். ஆனால் அந்த ஒன்பது மணிக்கு அவர்கள் செய்திருக்கக்கூடியது ஒன்று உண்டு. கட்டியிருந்த பக்கத்துப் பையைத் தொட்டுப் பார்த்து, அது காலியென்று கண்டு, அப்போதே புறப்பட்டிருக்கலாம். அப்படிப் புறப்பட்டிருந்தால் நள்ளிரவுக்குள், அதாவது ஆறு மணி நேரம் நிறையுமுன்னரே, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் குழந்தை சத்திரசிகிச்சை மேசையில் இருந்திருக்க இடமுண்டு. 2016 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் கட்டணமில்லை. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்போருக்குத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை அண்மையானது. சிறுவர்க்கான விசேட வைத்தியசாலை பேராதனையில் இருக்கிறதே, அங்கே போனால் நல்லதல்லவா என்று சிலர் கேட்பர். திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்குப் போகலாம். திருகலுக்காக நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதையில் நேராகப் புறப்படுவது தவறு. அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரே இதனைச் செய்யவல்லவர்.

புறப்படும்போது கட்டியை நீவாதீர்கள், அமுக்காதீர்கள், சூடு வையாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதனால் வழியிலே சோறோ பாலோ ஊட்டாதிருத்தல் நன்று. வைத்தியசாலையில் மூன்று செய்திகளை முந்திச் சொல்லுங்கள்: வலி தொடங்கிய நேரம், கட்டி இருக்கும் பக்கம், அந்தப் பக்கத்து விதை பிறந்ததிலிருந்தே இறங்கவில்லை என்பது. மூன்றாவது செய்தி மருத்துவரின் சிந்தனையை உடனே சரியான வழியிற் திருப்பிவிடும். ‘குழந்தை அழுகிறது’ என்று மட்டும் சொன்னால், வரிசையில் அழும் குழந்தைகள் பலவற்றுள் அதுவும் ஒன்றாகிவிடும்.

அங்கே மருத்துவர் முதலிற் கண்ணாலும் கையாலும் சோதிப்பார். வசதியிருப்பின், ஒலியலைகளைக் கொண்டு இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் செய்வார். அது சிறந்த துணைதான். ஆயினும் ஏழு மாதக் குழந்தையின் சிறிய விதையில், அதுவும் தொடைச்சந்தில் வீங்கிய திசுக்களின் நடுவே, அதன் விடை எப்போதும் ஐயமற்றதாயிராது. ஸ்கான் கருவி காலையிலேதான் கிடைக்கும் என்றால் அதற்காகக் காத்திருப்பதைவிட, ஐயத்தின் பேரிலேயே அறுத்துப் பார்ப்பது மேல் என்பதே நிபுணர்களின் கொள்கை. திறந்து பார்த்து நோய் இல்லையென்று கண்டாற் குழந்தைக்கு ஒரு சிறு தழும்பு மிஞ்சும். திறவாமல் விட்டு நோய் இருந்தால் ஓர் உறுப்பே போகும். தொடைச்சந்தில் சிறு வெட்டு இட்டு, விதையை வெளியே எடுத்துத் திருகலை அவிழ்த்து, வெதுவெதுப்பான ஈரத்துணியிற் சுற்றிச் சற்று நேரம் பார்ப்பர். கறுத்திருந்தது சிவந்து வருமாயின் அதனைப் பையில் இறக்கித் தைத்து நிலைப்படுத்துவர். நிறம் மாறாவிடின் அகற்றிவிடுவர். மறுபக்கத்து விதையையும் பெரும்பாலும் தைத்து நிலைப்படுத்துவது வழக்கம்; எஞ்சிய ஒன்றும் ஒருநாள் திருகிக்கொள்ளலாகாதே. நல்ல நிலையில் உள்ள ஒரு விதை போதும், அப்பிள்ளை வளர்ந்து தந்தையாகலாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். ‘இனி இவன் ஆண்மகனா’ என்று ஊரார் பேசும் பேச்சு பொருளற்றது.

இறங்காத விதையில் திருகல் வரக்கூடிய காலங்கள் சிறப்பாக இரண்டு. ஒன்று குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டு. மற்றது மீசை அரும்பும் பருவம். விதை விரைந்து பெருக்கும் காலம் அது. பதின்மூன்று வயதுப் பையன் தாயிடம் சொல்ல வெட்கப்படுவான். தந்தையிடம் சொல்ல அஞ்சுவான். வயிற்றுவலி என்று சொல்லிச் சுருண்டு படுப்பான். இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே குறிப்பிடவேண்டும். பிறப்பிலேயே மூளை பாதிப்புற்றுக் கைகால் விறைத்திருக்கும் பிள்ளைகளிடையே இறங்காத விதையும் அதன் திருகலும் கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இடைவிடாது இறுகும் தசைகள் அதற்கு ஒரு காரணமாகலாம். அப்பிள்ளைகளிற் பலர் வாய்திறந்து சொல்லமாட்டார். காரணம் தெரியாமல் அவர்கள் அழுதால், குளிப்பாட்டுபவரே தொடைச்சந்தைப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு ஓட்டமும் இல்லாமற் செய்ய எளிய வழி இருக்கிறது. இறங்காத விதையை உரிய காலத்திற் பையில் இறக்கித் தைத்துவிட்டால் திருகும் வாய்ப்பு மிகவும் அருகிவிடும். குழந்தைக்கு ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையான காலமே அச்சிகிச்சைக்கு ஏற்றது என்று இன்று கொள்ளப்படுகிறது. ‘ஐந்து வயதாகட்டும், பள்ளிக்கூடம் போகட்டும்’ என்று முற்காலத்தில் சொன்னதுண்டு. அக்கருத்து இப்போது கைவிடப்பட்டுவிட்டது. பிந்தப் பிந்த விதையின் ஆற்றல் குன்றுவதும், பிற்காலத்தில் அதிற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு ஏறுவதும் அறியப்பட்டமையே காரணம்.

பரிசோதிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நமது ஊவாக் குளிருக்கு இது மிகவும் பொருந்தும். குளிரிலே விதைகள் தசை இழுப்பால் மேலேறி மறைந்துகொள்ளும். அப்புத்தளையின் பனிக்காலையில், சில்லிட்ட கையால் குழந்தையைத் தொட்டுவிட்டு ‘இறங்கவில்லை’ என்று அஞ்சவேண்டாம். வெதுவெதுப்பான நீரிற் குளிப்பாட்டிய பின், கையையும் சூடாக்கிக்கொண்டு பாருங்கள். அப்போது தானே கீழே வந்து தங்குமாயின் அது இறங்கிய விதையே. ஆண்டுதோறும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், ஏனெனில் இத்தகையவற்றுட் சில பிற்பாடு மேலேயே தங்கிவிடுவதுண்டு. வெந்நீரிலும் வராமல் பை சிறுத்துச் சுருக்கமின்றி இருக்குமாயின், தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ அதைச் சொல்லி, குழந்தையின் பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆனதும் அப்பதிவேட்டுடன் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குச் செல்லவேண்டும். சிகிச்சை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடியும். தையல் பொதுவாகத் தானே கரைந்துவிடும். சில மாதம் சென்றபின் மறுபடியும் காட்டவேண்டும். விதை இறக்கிய இடத்திலேயே நிற்கிறதா, வளர்ந்து வருகிறதா என்று மருத்துவர் அப்போது தொட்டுப் பார்ப்பார்.